இடிந்த சுரங்கத்தில் ஒரு கடற்பறவை

ரத்தினம்மா பிறந்தது மோரீஸ் தீவில். வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்களின் மகள். அப்பா பின்னாளில் படகோட்டியானார். ஆள் குடியில்லாத ஒரு சின்னத் தீவுக்குப் பறவைக்குஞ்சு பிடிக்கப் போவார். அவளும் கூடப் போவாள். அந்தப் பறவைக்கு அங்கே ஃபூக்கே என்று பேர். காக்கை அளவு, கரும்பழுப்பு நிறம். கடலிலேயே திரிந்து, முட்டையிட மட்டும் கரையேறும். மண்ணில் வளை தோண்டி ஒரே ஒரு முட்டை வைக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சு தாயைவிடக் கொழுத்ததும் தாயும் தகப்பனும் கடலுக்குப் போய்விடும். குஞ்சு பட்டினி கிடந்து இளைத்து, தானாகவே ஒருநாள் கடலில் இறங்கும். வளைக்குள்ளிருந்து அந்தப் பறவைகள் முனகுவது பச்சைக் குழந்தை மூச்சை இழுத்து இழுத்து அழுவதுபோல் இருக்கும்.

வளர்ந்து கல்யாணமானதும் கணவனோடு தங்கவயலுக்கு வந்து, ஸ்கெலட்டன் என்ற கூலிக் குடியிருப்பில் குடியேறினாள். கணவன் சுரங்கத்துக்குள் போனான். அவள் மேலே கல் பொறுக்கினாள்.

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. மதராஸ் பக்கம் புயல் அடித்து, இங்கும் விடாமல் மழை. குன்றின் பக்கவாட்டில் புதிதாக வெட்டிக்கொண்டிருந்த சுரங்கவழி இடிந்து விழுந்தது. மற்றவர்கள் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். காத்தவராயன் என்ற கூலியாள் மட்டும் வரவில்லை.

மறுநாள் காலையிலும் கல்லை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூடை அள்ளினால் மேலிருந்து இரண்டு கூடை சரிந்தது. மேஸ்திரி முனியப்பன் ஆட்களைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தபோதுதான் உள்ளிருந்து அந்த முனகல் வந்தது. காத்தவராயன் மனைவி கிருஷ்ணம்மா ஓடிவந்து கல்லில் காதை வைத்தாள். தன் புருஷன் கூப்பிடுகிறான் என்று கதறினாள். ஆட்கள் உயிரை மதிக்காமல் மறுபடி உள்ளே பாய்ந்தார்கள்.

ரத்தினம்மாவும் அங்கேதான் நின்றாள். இழுத்து விடும் அந்த மூச்சு அவளுக்குத் தெரியும். சொன்னால் ஆட்கள் தோண்டுவதைக் கைவிட்டுவிடுவார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் மேலும் கல் விழும். கூரையைத் தாங்கிய உத்தரங்களில் ஒன்று மளமளவென்று முறியும் சத்தம் கேட்டதும் வாயைத் திறந்துவிட்டாள்.

"அது உன் வூட்டுக்காரர் கொரலு இல்ல, கிருஷ்ணம்மா. பட்சி. கடல் பட்சி."

கிருஷ்ணம்மா அவள் முடியைப் பிடித்துவிட்டாள். முனியப்பன்தான் விலக்கினார். ஆட்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கீழே வைத்தார்கள். எல்லார் முகமும் இருண்டதைப் பார்த்தபோது, ரத்தினம்மாவுக்கு வேறொன்று உறைத்தது.

"மேஸ்திரி, இந்தக் கல்லத் தாண்டி அது எப்டி உள்ள போச்சு? அதுக்கு நடக்கவே சரியா வராது. புயல்ல வந்து விழுந்து, பொந்தத் தேடிப் பூந்துக்கீது. மேல எங்கியோ வழி கீது."

அந்தக் குன்று முழுக்க, எந்தக் காலத்திலோ யாரோ தங்கம் தேடி வெட்டிய குழிகள். பல தூர்ந்து புதர் மண்டிக் கிடந்தன. மழையில் எல்லாரும் சரிவில் ஏறித் தேடினார்கள். கீழே முனகல் நின்றுபோனதாக யாரோ சொன்னார்கள். ரத்தினம்மா புதர் புதராகக் குனிந்து முகர்ந்தாள். பழைய மீனெண்ணெய் போன்ற அந்த வாடை ஒரு காரைப் புதருக்கடியில் அடித்தது. ஈரமண்ணில் நகம் கீறிய தடம். புதரை வெட்டியதும் ஆள் நுழையும் அளவுக்குக் குழி தெரிந்தது.

முனியப்பன் இடுப்பில் கயிறு கட்டித் தானே இறங்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு அசையாமல் நின்றது. கிருஷ்ணம்மா குழிவாயில் குப்புறப் படுத்திருந்தாள். வெகுநேரம் கழித்துக் கயிறு இழுபட்டது.

"உசுரு கீது," என்று கீழிருந்து குரல் வந்தது.

காத்தவராயனின் ஒரு கால் நசுங்கியிருந்தது. தொண்டை முழுக்கத் தூசி. கூப்பிடக் குரலே வரவில்லை. பக்கத்தில் குழந்தை அழுததாகவும், அதனால்தான் கண்ணை மூடாமல் கிடந்ததாகவும் பிறகு சொன்னான்.

பறவையையும் கூடையில் வைத்து மேலே அனுப்பினார்கள். தட்டைத் தரையிலிருந்து அது எழும்பாது என்று ரத்தினம்மா குன்றின் உச்சிக்கு எடுத்துப் போனாள். அது அவள் விரலைக் கொத்தி ரத்தம் வரவைத்தது. காற்று முகத்தில் அடிக்கும் இடத்தில் நின்று கையை உயர்த்தி விட்டாள். சரிவில் தாழ்ந்து, பிறகு எழுந்து, கிழக்கே போனது. கடலை எட்டியதா என்று யாருக்குத் தெரியும்.

காத்தவராயனுக்குக் காலை எடுத்தார்கள். சுரங்க வாசல் கேட்டில் உட்கார்ந்து ஆட்களை உள்ளே விடும் வேலை கிடைத்தது. கிருஷ்ணம்மா நெடுநாள் ரத்தினம்மாவோடு பேசவில்லை. ஒருநாள் குழாயடியில் அவளே குடத்தை நகர்த்தி இடம் விட்டாள்.

"நீ பட்சின்னு சொன்னியே அக்கா, அந்த நிமிசம் உன்னக் கொன்னுருப்பேன்," என்றாள்.

"தெரியும்," என்றாள் ரத்தினம்மா. "குடத்த வையி."