அத்தை முடித்துவைத்த எலிக் கல்யாணம்

உத்திரமேரூரில் எங்கள் அத்தை பார்த்து முடித்த கல்யாணங்கள் ஏராளம். அப்பாவின் அக்கா அவள், மகனோடு எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பெருமாள் கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கப் போகிறவள், திரும்பும்போது யாருடைய ஜாதகத்தையாவது கையோடு வாங்கி வந்துவிடுவாள். அவள் முடித்துவைத்த கல்யாணங்களில் நான்கு எலிகளுக்கு நடந்தவை. அந்த நான்கால் என் வேலை போகப் பார்த்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தேன். தற்காலிக வேலைதான். ஒரு வருஷத்துக்குள் நிரந்தரமாகாவிட்டால் ஊருக்கு வந்து அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்டவேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அத்தை மகன் நல்லவன். சின்ன வயதில் என் பென்சிலையெல்லாம் கடித்துத் துப்பியதைத் தவிர அவன்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. ஆனால் எனக்கு எலிகளைப் பிடித்திருந்தது.

கூடத்தை நடத்திய எங்கள் டாக்டரம்மா வளர்த்தவை சாதாரண வெள்ளெலிகள் அல்ல. அண்ணனையும் தங்கையையும் ஜோடி சேர்த்து, பிறந்த குட்டிகளில் மறுபடியும் அண்ணனையும் தங்கையையும் சேர்த்து, இப்படியே இருபது தலைமுறைக்கு மேல் வந்த வம்சம். அவ்வளவு தூரம் வந்துவிட்டால் உள்ளுக்குள் எல்லா எலியும் ஒரே எலிதான். அது எதற்கு என்றால், ஓர் எலிக்கு ஆட்டு ரத்தத்தை ஊசியில் ஏற்றினால், அந்த ரத்தத்தை எதிர்க்கும் பொருளைச் செய்ய அதன் உடம்பு கற்றுக்கொள்ளும். கற்றுக்கொள்வது மண்ணீரலில் இருக்கும் செல்கள். அந்தச் செல்களை எடுத்து, ஆட்டு ரத்தத்தையே அறியாத இன்னோர் எலிக்குள் ஏற்றலாம். இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், செல்கள் அங்கேயும் வேலையைத் தொடரும், வாத்தியாரான என் அப்பா தென்னேரிக்கு மாற்றலாகிப் போய் மறுநாளே பாடம் எடுத்த மாதிரி. எலிகள் வேறு வேறாக இருந்தாலோ, வந்தவர்கள் அந்நியர் என்று புது உடம்பு கண்டுபிடித்து இரண்டு வாரத்துக்குள் ஒழித்துவிடும்.

அந்தக் கோடையில் எலிக்கூடத்தின் கூரையை மாற்றவேண்டி வந்தது. அதுவரை எலிகளை ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார் டாக்டரம்மா. என் பங்குக்கு நான்கு தகரக் கூண்டுகள். கூண்டுக்கு ஒரு ஜோடி, மேலே வம்ச விவரம் எழுதிய அட்டை. துணி போட்டு மூடி, செங்கல்பட்டு வழியாகப் பஸ்ஸில் கொண்டுவந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முறுக்கு என்று நினைத்து விலை கேட்டார்.

சமையலறைப் பக்கம் வராத வரைக்கும் சரி என்று அம்மா ஒதுங்கிக்கொண்டாள். அத்தைதான் ஒவ்வொரு கூண்டாக உட்கார்ந்து விசாரித்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இது அண்ணன், இது தங்கை, இன்னும் கொஞ்ச நாளில் பருவத்துக்கு வந்து குட்டி போடும் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அவள் முகம் போன போக்கைக் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மாவோடு திருப்புலிவனம் கோயிலுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். கூண்டுக்கு ஓர் எலியின் முதுகில் மஞ்சள் பூசியிருந்தது. என்ன இது என்று அத்தையைக் கேட்டேன். பூத் தொடுக்கும் கை நிற்கவே இல்லை.

"அண்ணனையும் தங்கச்சியையும் ஒரே கூண்ல வுட்டு புள்ள பெக்கச் சொல்றியே, இன்னா படிப்புடி அது? நான்தான் முறை பாத்து மாத்தி வுட்டுக்கீறேன். மஞ்ச பூசினது பொண்ணுங்க."

அந்த வம்சத்தில் அப்பாவே தாய்மாமன், அம்மாவே அத்தை. அதில் இவள் எந்த முறையைக் கண்டாளோ! எது எந்தக் கூண்டில் இருந்தது என்று கேட்டேன். எல்லாம் ஒரே ஜாடையாக இருந்தால் எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான்கு கூண்டும் பல தலைமுறைக்கு முன்பே பிரிந்துபோன நான்கு குடும்பங்கள். பிரிந்த பிறகும் உள்ளுக்குள் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று யாரும் சோதித்ததில்லை. இல்லை என்றால் என் எலிகள் எதற்கும் உதவாது, நானும்தான்.

டாக்டரம்மாவிடம் மறைத்துவிடலாமா என்று யோசித்தது உண்மை. ஆனால் சென்னை போய்ச் சேர்ந்தபோதும் மஞ்சள் போகவில்லை. சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு தட்டச்சாகி அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அதை எடுத்து மேஜை டிராயரில் வைத்தார்.

"குட்டிங்க வளரட்டும், செல் ஏத்திப் பார்ப்போம். மூணாவது வாரம் தெரிஞ்சிடும்" என்றார்.

குட்டிகள் வளர்ந்தன. டாக்டரம்மா தன் வீட்டில் வைத்திருந்த கலையாத ஜோடிகளின் குட்டிகளுக்கு ஆட்டு ரத்தம் ஏற்றி, பிறகு அவற்றின் மண்ணீரலைப் பிசைந்து வடிகட்டி, அந்தச் செல்களை அத்தை செய்துவைத்த கல்யாணத்தில் பிறந்தவற்றுக்கு ஏற்றினோம். ஒப்பிட்டுப் பார்க்க மூர் மார்க்கெட்டில் வாங்கிய வெள்ளெலிகளுக்கும் ஏற்றினோம். வாராவாரம் வாலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடிக் குழாய்களில் ஆட்டு ரத்த அணுக்களோடு கலந்து வைப்பேன். எதிர்ப்பொருள் இருந்தால் அணுக்கள் அடியில் பாய் விரித்த மாதிரி பரவும். இல்லாவிட்டால் சின்னச் சிவப்புப் பொட்டாகக் குவியும். ஆயுசில் நான் பொட்டைக் கண்டு அப்படிப் பயந்ததில்லை.

முதல் வாரம் எல்லாக் குழாயிலும் பாய். நான் குதித்தேன். மார்க்கெட் எலிக்கும்தானே விரிந்திருக்கிறது, அந்நியரை அடையாளம் கண்டுகொள்ள உடம்புக்கு இன்னும் நேரம் ஆகவில்லை என்று டாக்டரம்மா உட்காரவைத்தார். மூன்றாவது வாரம் மார்க்கெட் எலிகளின் வரிசையில் பொட்டு, பொட்டு, பொட்டு. எங்கள் எலிகளின் வரிசையைப் பார்க்கத் தைரியமில்லாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். டாக்டரம்மாதான் கூப்பிட்டார். கடைசிக் குழாய் வரைக்கும் பாய் விரிந்திருந்தது. பிரிந்துபோன நான்கு குடும்பமும் இன்னும் ஒரே உடம்புதான்.

இரண்டு முறை சரிபார்த்துவிட்டு டிராயரைத் திறந்து உத்தரவில் கையெழுத்துப் போட்டார். எப்படி மாற்றிப் போட்டாலும் அவை அண்ணன் தங்கைதான் என்று உன் அத்தையிடம் போய்ச் சொல் என்று சிரித்தார். அத்தை இல்லாவிட்டால் இதை யார் சோதித்திருப்பார்கள் என்றும் சொன்னார்.

அந்த வாரமே ஊருக்கு ஓடினேன். வேலை நிரந்தரமானதை விட்டுவிட்டு, முதலில் இதைத்தான் அத்தையிடம் அளந்தேன். எந்த எலியின் செல்லை எந்த எலிக்குள் வைத்தாலும் சொந்த உடம்பு என்றே ஏற்றுக்கொள்ளும் என்றேன். அவள் நாரைக் கீழே வைத்தாள். பூத் தொடுக்கும்போது அவள் கை நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அப்போ அதுங்களுக்கு வெளியாளே கெடையாதா? பாவம்டி."

மறுவாரம் அத்தை தன் மகனுக்கு வந்தவாசிப் பக்கம் பெண் பார்க்கக் கிளம்பினாள். பெண் வீட்டார் சொந்தமும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. தை மாதம் மருமகள் எங்கள் வாசற்படி ஏறியபோது அத்தை என் காதோரம் குனிந்து, "நம்ம வூட்டு ஜாடையே இல்ல, பாத்தியா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு பூரிப்பு.