ஊசி முனை கிடைக்கும்வரை

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனிக்கு நான் எழுதிய நிரல்களில் மேனேஜருக்கு ரொம்பப் பிடித்தது ஊசி ட்ரிக்கர்தான். பதிவில் ஏதாவது மாறினால் தானாக ஓடும் நிரல்தான் ட்ரிக்கர். தையல் மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கிடைத்தாக வேண்டும். ஒரு துணுக்கு குழந்தைச் சட்டைக்குள் போய்விட்டால், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் ஆர்டரையே ரத்து செய்துவிடுவார். அதனால், ஊசி உடைந்ததென்று புதுப் பதிவு விழுந்ததும் அந்த மிஷின் இருக்கும் லைன், அதாவது தையல் வரிசை முழுவதும், கம்ப்யூட்டரில் தானாகப் பூட்டிக்கொள்ளும். அங்கே தைத்த எதுவும் வெளியே போகாது. துண்டுகள் முழுசாக வந்ததென்று பதிவைத் திருத்தினால் திறக்கும். பதிவை அழிக்கப் பார்த்தால் விடாது. மூன்று மாற்றத்துக்கு மூன்று ட்ரிக்கர். ஆளுக்கு அடிபட்டதா என்றும் ஒரு கேள்வி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"பையர் அதைக் கேக்கலைங்களே," என்றார் மேனேஜர். கேட்டிருந்தால் மட்டும் என்ன கிழித்திருப்பார்களோ.

ஒருநாள், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து எங்களிடம் தைத்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் விரலில் ஊசி இறங்கி உடைந்தது. சூப்பர்வைசர் முதலில் ஓடியது கம்ப்யூட்டருக்கு. லைன் பூட்டிக்கொண்டது. ஊசியின் மேல்துண்டு மிஷினில் இருந்தது. முனை அக்காவின் விரலுக்குள்.

மேனேஜர் என் மேஜைக்கு வந்தார். "ஏனுங்க, இன்னைக்கு கண்டெய்னர் ஏத்தோணும். பூட்டை எடுத்துவுடுங்க."

"முனை வராம எடுக்க முடியாதுங்க. நீங்க போட்ட ரூல்தானுங்களே."

முறைத்துவிட்டுப் போனார். அக்காவை ஆட்டோவில் ஏற்றி, துணைக்கு ஒருவரையும் அனுப்பினார். பரவாயில்லையே, மனுஷனுக்கு ஈரம் இருக்கிறது என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

துணைக்குப் போனவர் தனியாகத் திரும்பி வந்தார். கையில் சின்ன பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஊசி முனை. இரண்டு துண்டையும் சேர்த்துவைத்துப் பார்த்தார்கள், பொருந்தியது. பதிவைத் திருத்தினார்கள், லைன் ஓடத் தொடங்கியது.

"உங்க ட்ரிக்கர் அருமையா வேலை செய்யுதுங்க," என்று மேனேஜர் சிரித்தார்.

வந்தவரிடம், "அக்கா எங்கீங்க?" என்றேன்.

"ஆஸ்பத்திரிலதானுங்க. தையல் போட்டுட்டு இருந்தாங்க."

"தனியாவா விட்டுட்டு வந்தீங்க?"

"முனையக் கொண்டாரச் சொல்லித்தானுங்க அனுப்புனாங்க." தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்சம் இருங்கண்ணே, பயமா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆட்டோ நிக்குதுன்னு வந்துட்டனுங்க."

யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா ஆஸ்பத்திரி பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டையோடு என்னைப் பார்த்ததும் அந்தக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் எந்தத் துண்டு வேணுமாம்?" என்றார்.