பல்லக்காவும் தொப்பைக் குழாயும்

விரல் முட்டியால் இரண்டு தட்டு. குனிந்து காதை வைத்து ஒரு கேட்பு. பிறகு குழாயைக் குப்புறத் திருப்பி, இன்னும் இரண்டு தட்டு.

"அக்கா, அது சைலன்சர். மண்சட்டி இல்ல," என்றார் கடைக்காரர்.

"விரிசல் சட்டிய என் தலையில கட்டாம இருந்தா சரி," என்றார் பல்லக்கா.

ஒன்பது நாளில் இது ஐந்தாவது வருகை. ஐம்பத்திரண்டு வயது, பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்யும் வேலை, நகக்கண்களில் எப்போதும் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு. ஊருக்கே பல் கட்டியதால் பல்லக்கா. ஞாயிற்றுக்கிழமையானால் முழங்கால் கவசமும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளில் சேற்று மேட்டில் ஏறுவார். ஏறுவார் என்பது மரியாதைக்குச் சொல்வது. மூன்று வருடமாகப் பாதி மேட்டில் வண்டி மூச்சு முட்டி நிற்கும். அக்கா உட்கார்ந்த வாக்கில் வழுக்கிக் கீழே வருவார். தபால்காரியான அவருடைய நாத்தனார், அதே மாதிரி வண்டியில் உச்சியில் நின்று, "அண்ணி, அடி பட்டுச்சா?" என்று கேட்பாள். அந்த அக்கறைதான் தாங்காது.

பழைய குழாய் பாறையில் நசுங்கியது நல்லதாகப் போயிற்று. இந்த வண்டிக்குக் குழாய் வெறும் புகைபோக்கி அல்ல. எரியாமல் நழுவி ஓடும் பெட்ரோலை அது மறித்து மீண்டும் இஞ்சினுக்குள் தள்ளும். எந்த வேகத்தில் நன்றாகத் தள்ளும் என்பது குழாயின் வயிற்றைப் பொறுத்தது. "ஈறும் பல்செட்டும் ஒட்டலன்னா சோறு எறங்குமா? இஞ்சினும் குழாயும் அப்படித்தான்," என்பது அக்காவின் விளக்கம்.

கடையில் இருந்தவை இரண்டு. ஒன்று ஒடிசலாக, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பது. மற்றது மங்கல் சாம்பல் நிறம், உண்ட மயக்கத்தில் படுத்ததுபோலத் தொப்பை.

கூட வந்திருந்த தையல்காரக் கணவர் பொறுமை இழந்தார். "என்னைக் கட்டிக்க அரை மணி நேரத்துல தலையாட்டின. ஒரு குழாய்க்கு ஒம்பது நாளா?"

"உங்களைத் திருப்பிக் குடுக்க முடியாது, யோசிச்சு என்ன ஆகப்போகுது? இத மூணு நாளைக்குள்ள திருப்பலாமாம். அதான் யோசனை."

கணவர் சிரிப்பை அடக்க இருமினார். கடைக்காரர் இரண்டையும் கொடுத்தனுப்பினார். கடைக்காரரின் அம்மாவுக்கு அக்கா கட்டிய பல் அப்படி.

ஞாயிறு காலை முதலில் ஒடிசல். சமதரையில் அது விசிலடித்துப் பறந்தது. அக்காவும் கூடச் சேர்ந்து கூவினார். மேட்டில்தான் குட்டு வெளிப்பட்டது. வேகம் குறைந்ததும் வண்டி சோம்பியது. சக்தி வந்தபோது சக்கரம் சேற்றில் சுழன்றது. அக்கா முதுகால் சறுக்கி, கணவரின் காலடியில் வந்து நின்றார்.

"அழகா இருக்குன்னு நம்பிட்டேன்," என்றார், வாயிலிருந்த சேற்றைத் துப்பியபடி.

கணவர் ஸ்பானரை நீட்டினார். குழாய் ஆறும்வரை காத்திருந்து, அரை மணியில் தொப்பையை மாட்டினார் அக்கா.

இப்போது வண்டி கூவவில்லை, அடித்தொண்டையில் உறுமியது. சமதரையில் சுமார்தான். மேடு தொடங்கியதும் யாரோ பின்னாலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளுவதுபோல இழுத்தது. வழக்கமாக விழும் இடம் வந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அந்த இடம் பின்னால் இருந்தது. கடைசிப் பாறையில் முன்சக்கரம் எழும்ப, "ஏறுடி என் தங்கமே!" என்ற கத்தல் கீழே கணவருக்குக் கேட்டது. அவர் கையிலிருந்த ஒடிசல் குழாயைத் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார்.

உச்சியில் நாத்தனார் வாய் பிளந்து நின்றாள். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "அண்ணி, மேல வந்துட்டீங்க! எறங்குங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க!"

தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். "இன்னொரு தடவ ஏறிட்டு வந்து குடிக்கிறேன்," என்ற பல்லக்கா அதைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட் வாரை ஒரு துளை இறுக்கிவிட்டு, வண்டியின் மூக்கைப் பள்ளத்தைப் பார்க்கத் திருப்பினார்.