தலைச்சன் பிள்ளை வெளியூராம்

நாலு வயதுப் பிள்ளையிடம், நீ இந்த ஊரா வெளியூரா என்று கேட்க உங்களுக்கு மனம் வருமா? ஓர் அலுவலகத்துக்கு வந்தது.

இந்தத் தீவில், ஜங்லிகாட் சந்தைக்குப் பின்னால் ஒற்றை அறையில் நடக்கும் அரசு மழலைப் பள்ளியில் நீலாவதி ஆயா. ஏப்ரல் பிறந்ததிலிருந்து அவள் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பத்து உள்ளூர்ப் பிள்ளைகள் சேராவிட்டால் வகுப்பை மூடி, சாத்தம் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம். அவ்வளவு தூரம் யார் கொண்டுபோய் விடுவது? மூடிவிட்டால், ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை வேலையிடத்து மணல்மேட்டில்தான் விட்டுப்போவார்கள். தெலுங்கு, வங்காளி, ராஞ்சி, தமிழ் என்று ஒன்பது பேர் சேர்ந்தாயிற்று. இந்தியில் சண்டை போட்டு இந்தியிலேயே சமாதானமாகிற கூட்டம். இன்னும் ஒருவர் வேண்டும்.

சந்து சந்தாக அலைந்து, ஆட்டோ ஓட்டும் ஸ்ரீதரின் மகன் கோகுலைக் கண்டுபிடித்தாள். அவனையும் தாய் உமா மகேஸ்வரியையும் கல்வி அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள்.

குமாஸ்தா பக்தவத்சலம் பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். “பரமக்குடியா? மெயின்லேண்ட் பிள்ளை. லோக்கல் கணக்குல வராதும்மா.”

“தலைப்பிரசவம் சார். அம்மா வீட்டுக்குத்தானே கப்பலேறணும்? இவனுக்குக் கழுத்து நின்னதும் திரும்பிட்டேன்,” என்றாள் உமா.

“அடுத்தது எங்க பிறந்துச்சு?”

“இங்கதான்.”

“அப்ப தம்பி லோக்கல். அவனைக் கொண்டா.”

“அவன் இன்னும் தவழுறான் சார்!”

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. “உங்க மூத்தவரு எங்க சார் பிறந்தாரு?”

“தேவகோட்டை. அதுக்கென்ன? அவனைத்தான் பிரைவேட்ல போட்டாச்சே.”

அவ்வளவுதான் நியாயம். வளைகாப்புப் போட்டு, நிறைமாதக்காரியைக் கடல் தாண்ட வைக்கிற வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதற்கான தண்டனை மட்டும் ஏழை வீட்டுக்கு.

நீலாவதி கோகுலைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்து வகுப்பில் உட்காரவைத்தாள்.

“அக்கா, பேரே பதியலையே!” என்று பதறினாள் டீச்சர் ரூபா.

“திங்கட்கிழமை ஆபீஸ்லேர்ந்து பிள்ளைங்களை எண்ண வர்றாங்கல்ல? இவன் தலை கண்ணுக்குத் தெரியலைன்னு என் முன்னால சொல்லட்டும்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்க வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். அவர்கள் சொன்னாலும் சொல்வார்கள்.

ஜங்லிகாட்காரர்களே, திங்கட்கிழமை அவளைத் தனியாக விடாதீர்கள். அந்த வாசலுக்கு வாருங்கள். எண்ண வருகிறவரிடம், உங்கள் வீட்டுத் தலைச்சன் எங்கே பிறந்தது என்று ஒவ்வொருவராக, உரக்கச் சொல்லுங்கள்.