சாமந்தி பறித்த அந்த நாலு நாள்

நாலு வருடம் முன்பு, புரட்டாசி மாதம், பாலக்கோடு பக்கம் எங்கள் சாமந்தித் தோட்டத்தில் நடந்தது இது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுவேன். எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

அந்த ஆடியில் என் மருமகளுக்கு மூன்று மாதக் கரு கலைந்துவிட்டது. பதினைந்து நாள் கழித்து ஒரு தடவை காட்டிவிட்டுப் போகும்படி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். போனது போய்விட்டது, இனி என்ன காட்டுவது என்று நான்தான் தடுத்தேன். எனக்கும் அந்த வயதில் ஒன்று கலைந்திருக்கிறது. மூன்றாம் நாளே கடலைக்காய் பிடுங்கப் போனேன். அதை ஒரு பெருமை மாதிரி அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நாற்பது நாள் கழித்து அவளுக்குத் தீட்டு வந்தது. எட்டு நாள் நிற்கவில்லை. நின்று பதினைந்து நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் வந்துவிட்டது. எங்கள் பக்கம் தீட்டானவர்கள் பூந்தோட்டத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள். சாமிக்குப் போகிற பூ, செடியும் வாடிவிடும் என்பார்கள். ஆயுத பூஜை நெருங்குகிறது, பறிக்க ஆள் கிடைக்கவில்லை, இவள் வீட்டிலேயே இருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் புகைந்தது.

பக்கத்துக் காட்டுக்காரி வரப்பில் நின்றபடி, "ஏங்க்கா, ஒங்க வூட்டுக் காலண்டர்ல மட்டும் மாசத்துக்குப் பதினஞ்சு நாள்தானா?" என்று கேட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்துவிட்டது. வேலைக்குப் பயந்து பொய் சொல்கிறாள் என்றே முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மறித்துக்கொண்டு கேட்டேன்.

"நெஜமா தீட்டுன்னா துணியக் காட்டு, பாக்கறேன்."

இதை எழுதும்போதே கை கூசுகிறது. அவள் ஈரத் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். அப்புறம், "வேணாங்க அத்த. நாளைக்கு நானும் பூப்பறிக்க வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் பனி இறங்கும்போதே பூப்போட மடிகட்டிக்கொண்டு வந்து நின்றாள். பார்த்தாயா, பொய் வெளுத்துவிட்டது என்று நினைத்தேன். பக்கத்துக் காட்டுக்காரியிடமும் சொல்லிச் சிரித்தேன். நாலு நாள் வந்தாள். எங்கள் எல்லோரையும் விடச் சீக்கிரம் கூடையை நிரப்பினாள்.

நாலாம் நாள் வெயில் ஏறுகிற நேரம், எனக்கு இரண்டு செடிச்சால் தள்ளிப் பறித்துக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் சொம்போடு போனேன். பனியில் நனைந்த புடவை காலோடு ஒட்டியிருந்தது. கொசுவத்தின் கீழ்ப்பக்கம் முழுக்க ரத்தம். முகம் வெளிறிக் காகிதம் மாதிரி இருந்தது. என் பழைய நூல் புடவையைக் கிழித்து மடிப்பு மடிப்பாக வைத்துக்கொண்டு அந்த நாலு நாளும் பறித்திருக்கிறாள்.

நான் அவளைத் தூக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"செடிக்கு ஒண்ணும் ஆவாதில்ல அத்த?"

பூ ஏற்ற வந்த வண்டிக்காரர் மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, எத்தனை நாளாக ரத்தம் போகிறது என்று என்னிடம் கேட்டார். அவள் எந்தெந்த நாள் தோட்டத்துக்கு வரவில்லை என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேன். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

கரு கலைந்தபோது வெளியே வர வேண்டியது கொஞ்சம் கர்ப்பப்பையிலேயே தங்கிவிட்டதாம். சுத்தம் செய்து, ரத்தம் ஏற்றினார்கள். கலைந்த பிறகு ஒன்றிரண்டு மாதம் தீட்டு முன்னே பின்னே வரலாம், கூடக் குறையப் போகலாம், அது சகஜம்தான் என்றார் டாக்டரம்மா. ஒரு வாரத்துக்கு மேல் நிற்காமல் போனாலும், துணி மாற்ற மாற்ற நனைந்தாலும், கட்டி கட்டியாகப் போனாலும் உடனே வந்துவிட வேண்டுமாம். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமாம்மா?" என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சாயங்காலம் என் மகன் வந்தான். தீட்டோடு எதற்குத் தோட்டத்துக்குப் போனாய் என்று அவளைக் கேட்டான். நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். சொல்லிவிடுவாள் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நானாத்தான் போனேங்க" என்றாள்.

இன்று வரைக்கும் அவனுக்குத் தெரியாது. அவளிடம் தப்பு செய்துவிட்டேன் என்று சொல்ல எத்தனையோ நாள் வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சோறு போடட்டுமா என்றுதான் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் செடி ஒன்றும் வாடவில்லை, தை வரைக்கும் பூத்தது. அவள் பறித்த நாலு நாள் பூவையும் எந்தெந்தக் கோயிலிலோ சாமிகள் வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். துணியைக் காட்டு என்று கேட்ட நான்தான் இன்னமும் அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் இருக்கிறேன்.