பட்டினி வரிசை

ஈரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்; வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கறிக்கடைக்காரர் அடுத்ததை எடுத்துப் போட்டார். இவர் அதை விரலால் அழுத்தி, பதிந்த குழி மேலே எழும்பி வருகிறதா என்று பார்த்தார். எழும்பியது.

"இது இருக்கட்டும். மருந்து ஊசி போட்ட மாட்டோடது இல்லையே?"

"பத்து வருஷமா இதே கேள்விதான். உங்க நாய்க்கு இருக்கிற நாக்கு என் மாமனாருக்குக்கூட இல்ல ஐயா."

அவர் வீட்டில் நாய் கிடையாது. "நாய்க்கு இல்லீங்க, புழுவுக்கு" என்று ஒருநாள் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். கடையில் நின்றவர்கள் ஓரடி விலகி நின்றார்கள். நாயாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

எங்கள் ஆராய்ச்சிக் கட்டடத்தில் அவருக்கு ஈரல்காரர் என்று பெயர். இரண்டாம் மாடியில் தட்டைப்புழு வளர்ப்பது அவர் வேலை. அந்த அறையின் குளிர்பெட்டிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. இருபது டிகிரியிலிருந்து ஒரு டிகிரி நகர்ந்தால் போதும், போன் வந்துவிடும்: "தம்பி, பிள்ளைங்களுக்கு வேர்க்குது." புழுவுக்கு வேர்க்குமா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

பிள்ளைகள் ஒவ்வொன்றும் நகத்தளவு நீளம், பழுப்பு நிறம். தலையில் இரண்டு கண்கள், இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். வெட்டினால் சாகாது. தலைத்துண்டு வாலை முளைக்கும், வால்துண்டு தலையை முளைக்கும். எந்த உறுப்பாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் அதன் உடம்பெங்கும் இறைந்து கிடக்கிறதாம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள், ஈரல்காரர் மட்டும் அசைய மாட்டார். "வெட்டினா வளருது, சரி. சோறு யாரு போடுறது?"

சோறு போடுவதில் அவர் கெட்டிக்காரர். ஈரலின் மேல்தோலை உரித்து, நரம்பெல்லாம் நீக்கி, அரைத்து, வடிகட்டி, சிறு சிறு கட்டிகளாக உறைய வைப்பார். செவ்வாயும் வெள்ளியும் அதைக் கரைத்துச் சொட்டுக்குழாயில் எடுத்து டப்பா டப்பாவாக விடுவார். புழுக்கள் ஊர்ந்து வந்து, வயிற்றின் நடுவிலிருந்து ஒரு வெள்ளைக் குழலை நீட்டி உறிஞ்சும். "வயித்துலயே வாய். நடுவுல கழுத்து, தொண்டைன்னு ஒரு வீண் வேலை இல்ல பாருங்க." கடைசி டப்பாவின் தண்ணீரை மாற்றி முடிக்கும்வரை தன் சாப்பாட்டுப் பையைத் தொடமாட்டார். தொட்ட பிறகும் நிம்மதியாகச் சாப்பிடமாட்டார், அடுத்தவர் டப்பாவை எட்டிப் பார்ப்பார். "இவ்வளவுதானா? குருவி கொத்துற மாதிரி!" அவர் பக்கத்தில் உட்கார்ந்தே எனக்கு ஒரு சுற்றுத் தொப்பை கூடியது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் குட்டி டாக்டர் பன்னிரண்டு டப்பாக்களை ஒப்படைத்து, தொண்ணூறு நாள் பட்டினி போடச் சொன்னாள். குட்டி டாக்டர் என்பது அங்கே ஆய்வு செய்யும் பெண். பட்டம் இன்னும் வரவில்லை, ஈரல்காரர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார். பட்டினி கிடந்தால் இந்தப் புழு சாகாது. தன்னைத்தானே கரைத்துத் தின்று சிறுத்துக்கொண்டே போகும், சோறு கண்டால் மறுபடி வளரும்.

"மரபணுவுல இருக்கிற எழுத்து மாறாது அண்ணா. எதைப் படிக்கணும், எதை மூடி வைக்கணும்னு அது மேல சில குறி இருக்கும். பசி அந்தக் குறியை மாத்துதா, மாத்தினா அது ஸ்டெம் செல்லுலயே தங்கிடுதா, இதோட துண்டுல இருந்து வர்ற பேரன் பேத்திங்ககிட்டயும் இருக்கான்னு பாக்கணும்."

"வீட்டுல சாமான் அதேதான், எந்த அலமாரிக்குப் பூட்டுங்கிறதுதான் வேற. அப்படித்தானே?"

"அதேதான் அண்ணா!" என்று அவள் குதித்தாள். அவர் குதிக்கவில்லை. சொட்டுக்குழாயைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ, பசியைப் பாக்காத பேரப்பிள்ளைக்கும் பசி தெரியுமா?"

அவருக்கு ஒரே மகள். இரண்டு ஊர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருக்கிறார். அப்போது அவளுக்கு நாலாவது மாதம். எதைத் தின்றாலும் வாந்தி, தண்ணீர்கூட நிற்கவில்லை. மருத்துவர் எடை பார்க்கிற ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ குறைந்திருந்தது. ஊருக்கெல்லாம் ஊட்டுகிறவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒரு வாய் ரொட்டியாவது சாப்பிடும்மா" என்று கெஞ்சுவதை நான் கேட்டிருக்கிறேன்.

ஐம்பதாவது நாள் குட்டி டாக்டர் படங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பன்னிரண்டில் பதினொரு டப்பாக்களில் புழுக்கள் பாதியாகச் சிறுத்திருந்தன. பதினொன்றாம் எண் டப்பாவில் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. "அண்ணா, இது பட்டினியிலயும் சுருங்கல! இப்படி யாருமே பாத்ததில்ல!" அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஈரல்காரர் ஈரத்துணியால் துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார்.

இரண்டு நாள் கழித்து நான் குளிர்பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் குரல் கேட்டது.

"அது சுருங்காததுக்கு நான்தாம்மா காரணம். நான் சோறு போட்டேன்."

குட்டி டாக்டர் நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். "எத்தனை தடவை?"

"ஒம்பது தடவை. அதுல ஒண்ணு வாலைத் தரையில ஒட்ட வச்சுக்கிட்டு, பிரிஞ்சு ரெண்டாகப் பாத்து இழுத்துக்கிட்டு கெடந்துச்சு. பிள்ளை பெத்துக்கிற மாதிரி. வெறும் வயித்துல எப்படின்னு…"

"நாளைக்கு இந்தப் படத்தையெல்லாம் ஆய்வகப் பெரியவர்கிட்ட காட்டப் போறேன் அண்ணா."

"தெரியும். அதனாலதான் இன்னைக்கே சொல்றேன்."

"மத்த பதினொண்ணு?"

"தொடலம்மா."

ஒரு சொட்டுகூட விடவில்லை என்பதற்கு அவர் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி இல்லை. அவள் குறிப்பேட்டை எடுத்துப் பதினொன்றாம் எண்ணை அடித்தாள். பிறகு மகளின் கதையை அவர் சொல்லச் சொல்லக் கேட்டாள். "உங்க பொண்ணு வேற, புழு வேற அண்ணா. இதை வச்சு மனுஷக் குழந்தைக்கு என்ன ஆகும்னு சொல்லவே முடியாது."

"மண்டைக்குத் தெரியுதும்மா. கைக்குத்தான் தெரியல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பெண்ணின் உழைப்பு, அவளுடைய பட்டம், எல்லாவற்றிலும் ஒன்பது சொட்டு ஈரலை ஊற்றிவிட்டாரே! அவள் பெரியவரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் ஈரல்காரரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். பன்னிரண்டு டப்பாவையும் கழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் படிப்பு அரை வருடம் தள்ளிப்போனது. புதிய பட்டினி வரிசையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது, "அண்ணாவே பாக்கட்டும்" என்றாள். அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நினைத்தேன். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள், ஊட்டிய கை மட்டும் இருக்குமா?

போன செவ்வாய் இரண்டாவது பட்டினியின் முப்பத்து மூன்றாம் நாள். ஈரல்காரர் மேல்தட்டில் இருக்கும் டப்பாக்களுக்குச் சோறு விட்டுக்கொண்டிருந்தார். கீழ்த்தட்டு பட்டினி வரிசை. தண்ணீர் மாற்றுவதற்காகப் பதினொன்றாம் டப்பாவின் மூடி திறந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து விசிறியைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள்.

மருமகனிடமிருந்து போன். அவர் அதிகம் பேசவில்லை. "எப்போ சேர்த்தீங்க?… சொட்டு மருந்து ஏறுதா?… குழந்தை அசையுதாமா?… சரி, வர்றேன்." போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களாம் தம்பி. ஆறு மாசம் ஆச்சு, இன்னும் ஒண்ணும் உள்ள நிக்கல."

இன்னொரு கையில் சொட்டுக்குழாய் அப்படியே இருந்தது, பாதிக்குமேல் ஈரல். அந்தக் கை கீழே இறங்கி, திறந்திருந்த டப்பாவுக்கு மேலே வந்து நின்றது. உள்ளே அரிசியளவாகச் சிறுத்த புழுக்கள். முனையில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. "அண்ணா" என்று கூப்பிட நினைத்தேன், கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருந்ததும் நல்லதுதான்.

முனையின் கீழே இடது உள்ளங்கையைக் கொடுத்தார். சொட்டு அதில் விழுந்தது. அப்படியே ஏந்திக்கொண்டு அந்தப் பெண்ணின் அருகே போனார். அவள் நிமிர்ந்தாள். கூரான கத்தியை ஒருவரிடம் கொடுக்கும்போது செய்வதுபோல, சொட்டுக்குழாயின் முனையைத் தன் பக்கம் திருப்பி, பிடியை அவளிடம் நீட்டினார்.