சம்பந்தியம்மாவுக்குத் தெரியாத பாட்டு

சேலையூர் கேம்ப் ரோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் புஷ்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணி பிரசவத்திலேயே போய்விட, அண்ணன் மகன் ஜாய்சனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவள் அவள்தான். அவன் அமெரிக்காவில் பென்சில்வேனியாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அதற்குக்கூட அவள் முகம் கோணவில்லை. கோணினது, பெண்ணின் அம்மா வெர்னாவைப் பார்த்த பிறகு.

வெர்னாவின் முன்னோர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து அங்கே நிலம் திருத்தினவர்கள். வெளியே இங்கிலீஷ் பேசினாலும் வீட்டுக்குள் இன்னும் அந்தப் பழைய ஜெர்மன்தான். ஜாய்சனின் மகள் ஜெரூஷாவுக்கு நாலு வயசு. ஒரே வீடு என்பதால் பகலெல்லாம் வெர்னாவிடம் இருக்கிற பிள்ளை, அந்தப் பாஷையிலேயே கோழியைக் கூப்பிடுகிறது, ஜெபம் சொல்கிறது. தமிழில் தெரிந்தது 'அத்தை' மட்டும். அதுவும் அப்பனைப் பார்த்துப் படித்தது.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு வீடியோவில் பேசுவார்கள். அங்கே சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு வேளை. "கும் எஸ்ஸே" என்று பிள்ளை ஸ்பூனை நீட்டும். சாப்பிட வரச் சொல்கிறாள் என்று ஜாய்சன் சிரிப்பான். புஷ்பத்துக்கு வயிறு எரியும். அந்தப் பொம்பளை முந்நூறு வருஷப் பாஷையைக் காப்பாற்றிவிட்டாள், நம் தமிழ் ஒரு விமானப் பயணத்தைத் தாங்கவில்லையே என்று.

ஒரு பாட்டாவது தன்னிடமிருந்து அந்தப் பிள்ளைக்குப் போகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். அம்மா தனக்கும், தான் ஜாய்சனுக்கும் பாடிய கிறிஸ்மஸ் ஞானப்பாட்டை வரிவரியாகச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை சட்டென்று பிடித்துக்கொண்டது. நம் ரத்தமாச்சே என்று கோயில் முழுக்கப் பெருமையடித்தாள். மூன்றாம் வாரம் பிள்ளை முழுசாகப் பாட, பாத்திரத்தோடு வந்த வெர்னா அதே மெட்டில் ஜெர்மன் வார்த்தைகளைப் பாடத் தொடங்கினாள். பிள்ளையும் தமிழை விட்டு அதற்குத் தாவிவிட்டது. மெட்டு பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

அன்று கோயிலில் ஆராதனை முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் தனசிங்கைப் பிடித்தாள்.

"அந்தப் பாட்டு யாருது?"

"ஜெர்மன் பாட்டுக்கா. மிஷனரிங்க கொண்டாந்தது. இது தெரியாமலா நாப்பது வருஷம் பாடுனீங்க?"

"நீ மட்டும் வாயத் தொறந்து சொன்னியா? சம்பந்தியம்மாவுக்குத் தெரியாததா ஒண்ணு குடு."

"கீர்த்தனை எடுங்க. ராகம், தாளம் எல்லாம் நம்மளுது. ஆனா பாப்பாவுக்குக் கஷ்டம்."

"கஷ்டப்படட்டும்."

அடுத்த ஞாயிறு தொடையில் தாளம் தட்டிக் கீர்த்தனையைத் தொடங்கினாள். வெர்னாவும் முனகிப் பார்த்தாள். ராகம் வளைகிற இடத்தில் வழுக்கி விழுந்து, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். புஷ்பத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் பிள்ளைக்கும் வரவில்லை. சிணுங்கிக்கொண்டு போய் வெர்னா மடியில் ஏறிக்கொண்டது.

"பழைய பாட்டே இருக்கட்டுமே அத்தை. ரெண்டு பேரும் சேந்து பாடுவாங்க" என்றான் ஜாய்சன்.

"அத அவங்க பாடட்டும். இதப் பாப்பா கத்துக்கட்டும். இனிமே தினமும் ஆறு மணிக்குக் கூப்பிடு."

தினமும் கூப்பிட்டான். பத்தாம் நாள் பிள்ளை முதல் அடியைத் தப்பும் தவறுமாகப் பாடிவிட்டது, தாளத்தோடு. வெர்னாவின் மடியில் உட்கார்ந்து, வெர்னாவின் தொடையில்தான் தட்டியது. பாட்டு வந்துவிட்டது. அந்தத் தொடை தன்னுடையதாக இல்லையே என்று புஷ்பம் அன்று காபியைக்கூடத் தொடவில்லை.